வெறுங்காலும் நல்லெண்ணெயும்

என் மகள் வதனி உள்ளே போய் நாலு நிமிடம் ஆகிறது. சுவர்க் கடிகாரம் அப்படிச் சொல்கிறது, என் கைக்கடிகாரம் மூன்றுதான் என்கிறது, இரண்டில் எது சரி என்று இவ்வளவு நேரமாக மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வதனி பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட நான் இப்படிக் கடிகாரம் பார்க்கவில்லை. அன்றைக்குத் தூங்கிவிட்டேன், என் பெண்டாட்டி புனிதா பன்னிரண்டு வருஷமாக அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறாள், அது வேறு விஷயம். இப்போது தூக்கம் வராது. மூன்றாம் மாடியில் வதனி, இரண்டாம் மாடிப் பெஞ்சில் நான், நடுவில் பதினெட்டுப் படி. பெற்றோர் இதற்கு மேல் வரக் கூடாது என்பது ஷெர்னாஸ் மேடம் போட்ட சட்டம். இந்தக் கட்டடத்தின் லிஃப்டை மாதம் ஒருமுறை கழற்றிப் பூட்டுகிறவன் நான், மொட்டை மாடி மெஷின் ரூம் சாவிகூட இப்போது என் பையில்தான் இருக்கிறது, வேலை நாளில் நான் மூன்றாம் மாடிக்கு முன்னூறு தரம் போகலாம், எவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் பாலே வகுப்பு நடக்கிற நேரத்தில் நான் மெக்கானிக் இல்லை, வதனி அப்பா. வதனி அப்பாவுக்குப் பெஞ்சுதான்.

இன்றைக்குத் தெரிந்துவிடும். வதனி கால்விரல் நுனியில் நிற்கலாமா கூடாதா, அவ்வளவுதான் கேள்வி. படத்தில் பார்த்திருப்போமே, பாலே ஆடுகிற பெண்கள் பாதம் முழுவதும் செங்குத்தாக, விரல் நுனி மட்டும் தரையில் பட நிற்பார்கள், அதற்கென்று ஒரு ஷூ இருக்கிறது, பாயிண்ட் ஷூ என்பார்கள், முனை கட்டை மாதிரி கெட்டியாக இருக்கும். நான் முதலில் என்ன நினைத்தேன் என்றால், கடையில் போய் அளவு சொன்னால் கொடுத்துவிடுவான் என்று நினைத்தேன். கொடுக்க மாட்டான். பாதத்து எலும்பு முற்றியிருக்க வேண்டும், கணுக்காலுக்கு வலு வந்திருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் சொல்லிக்கொடுக்கிறவர் வாயைத் திறந்து சரி என்று சொல்ல வேண்டும். அவசரப்பட்டால் பிள்ளையின் பாதம் வாழ்நாளுக்கும் கோணிப்போகும். போன வருஷம் இதே மாதம் மேடம் வதனியின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் மாவு. எலும்பு ஆகல. அடுத்த வருஷம் வா" என்றார், ரேஷன் கடையில் சர்க்கரை வரவில்லை என்று சொல்கிற குரலில். பார்சிக்காரர், பம்பாயில் பிறந்தவர், முப்பது வருஷமாக மெட்ராஸில் இருக்கிறார், கமிஷனர் வந்தாலும் நீ என்றுதான் பேசுவார். வதனி அன்றைக்கு அழவில்லை. வீட்டுக்கு வந்து ஆறு பூரி தின்றாள். நான்தான் மறுநாள் கிண்டியில் ஒரு மெஷின் ரூமில் தனியாக உட்கார்ந்து அழுதேன், கூட வேலை பார்க்கிற அருள்தாஸ் வந்து என்னண்ணே என்றான், கண்ணில் கிரீஸ் பட்டுவிட்டது என்றேன்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் செத்த ஆடுகளுக்கு அளவே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டுக்கால் சூப். எலும்பு முற்ற வேண்டுமென்றால் எலும்பைத்தானே குடிக்க வேண்டும் என்பது என் கட்சி. கேழ்வரகும் முருங்கைக்கீரையும் போதும் என்பது புனிதா கட்சி, மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறவள், கால்சியத்தைப் பற்றி எனக்கு வகுப்பே எடுப்பாள். கடைசியில் குழந்தை இரண்டு கட்சிக்கும் ஓட்டுப் போட்டு எல்லாவற்றையும் குடித்தாள். பல் துலக்குவது ஒற்றைக் காலில், மேல் வரிசைக்கு வலது கால், கீழ் வரிசைக்கு இடது கால். தரையில் கொட்டிய புளியங்கொட்டையைக் கால்விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட வேண்டும், அது மேடம் சொன்னது, மேடம் கோலிக்குண்டு என்றார், எங்கள் வீட்டில் புளியங்கொட்டை. நானும் ஒருநாள் முயன்று பார்த்தேன், கெண்டைக்காலில் சுளுக்கி இரண்டு நாள் நொண்டினேன். கீழ் வீட்டு சரோஜாக்கா மட்டும் மாசத்துக்கு ஒருதடவை, "பொம்பளப்புள்ள, அழகா பரதநாட்டியம் கத்துக்கிட்டா கோயில்ல ஆடலாமேப்பா, இது எதுக்கு வெள்ளக்காரன் ஆட்டம்?" என்பார். ஆடிவிட்டுப் போகட்டும் அக்கா என்பேன். வேறு என்ன சொல்வது, எனக்கே பதில் தெரியாது.

ஏழு நிமிடம். கைக்கடிகாரத்தில் ஆறு. பக்கத்தில் தாரா அம்மா மடியில் லேப்டாப்பை வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறார். தாராவும் வதனியும் ஒரே வயசு, இன்றைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பரிசோதனை. நாலு வருஷமாக இதே பெஞ்சில் உட்கார்கிறோம், அவர் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவருக்குத் தெரியாது, ஆனால் அவருக்குத் தைராய்டு இருப்பது எனக்குத் தெரியும், எனக்குச் சர்க்கரை ஆரம்பிப்பது அவருக்குத் தெரியும். "டென்ஷனா இருக்கா வதனி அப்பா?" என்றார். இல்லை என்றேன். "எனக்கு இருக்கு. மேடம் மட்டும் இல்லயாம், ஃபிசியோ டாக்டரும் வந்திருக்காங்க. ஷூ இல்லாம, ஸாக்ஸ் இல்லாம வெறுங்கால்ல நிக்க வெச்சுப் பாக்கறாங்களாம். ஒத்தக் கால்ல இருபது தடவ குதிகால் தூக்கணும்." ஓ அப்படியா என்று தலையை ஆட்டினேன். வெறுங்கால்தானே, நல்லதுதான், வதனி வீட்டில் செய்வதும் வெறுங்காலில்தானே என்று நினைத்தேன். அப்புறம்தான் சுருக்கென்றது. வெறுங்கால். அந்தக் காலில் மூன்றரை மணிக்கு நான் என்ன செய்தேன்?

நல்லெண்ணெய் தேய்த்தேன். வகுப்பு இருக்கிற ஒவ்வொரு நாளும் தேய்க்கிறேன், கிளம்புவதற்கு அரை மணிக்கு முன்னால், பாயில் உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே தொடங்கி உள்ளங்கால் வரை. ஆறு வயதில் முதல்முதலாக வகுப்புக்கு அனுப்பிய வாரம் கால் வலிக்கிறது என்றாள், அன்றைக்கு ஆரம்பித்தது. நான் எண்ணெயை நம்புகிறவன். கிரீச் என்று சத்தம் போடுகிற எதுவும் இரண்டு சொட்டு எண்ணெயில் வாயை மூடிக்கொள்ளும், இருபத்துமூன்று வருஷ சர்வீசில் நான் கண்டுகொண்டது இதுதான். இன்றைக்குப் பரீட்சை நாள் ஆயிற்றே என்று கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினேன். மேலே காலுறை போடுவாள், அதற்கு மேல் மெல்லிய ஷூ போடுவாள், எண்ணெய் உள்ளேயே இருந்து வேலை செய்யும் என்பது என் கணக்கு. வெறுங்கால் என்று எவரும் சொல்லவில்லையே. மெழுகு மாதிரி தேய்த்துவைத்த மரத்தரை. அதில் நல்லெண்ணெய்க் காலோடு ஒற்றைக் காலில் இருபது தடவை. ஐயோ மடையா. லிஃப்டில் எண்ணெய் போட வேண்டிய இடம் முப்பது உண்டு, போடவே கூடாத இடம் ஒன்று உண்டு, பிரேக். ஒரு சொட்டுத் தெறித்தாலும் பிடிக்காது, பெட்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. அப்ரென்டிஸாக வருகிற ஒவ்வொருவனுக்கும் முதல்நாளே பிரேக்கைக் காட்டி இதைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்கிற ஆள் நான். அந்த ஆள் சொந்தப் பெண்ணின் பிரேக்கில் எண்ணெயை ஊற்றித் தடவி, போய் வா கண்ணு என்று அனுப்பியிருக்கிறேன்.

துடைத்திருப்பாளோ? காலுறையைக் கழற்றும்போது பாதி அதோடு போயிருக்காதா? போயிருக்கும், பாதி போனால் பாதி இருக்குமே. தோல் குடித்துவிடும் என்பார்கள், ஆனால் குளிர்காலத்தில் குடிக்கும், இந்த ஆகஸ்ட் புழுக்கத்தில் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து வழுக்குமே. வாசலில் செருப்பு மாட்டும்போது கால் நழுவியதே, கவனித்தேனா? நழுவியதா, அல்லது இப்போது நானே நழுவவைக்கிறேனா? மனசு ஒரு பல்லி, சொன்ன சுவரில் நிற்காது. வதனி வழுக்கி விழுந்தால் கணுக்கால் வலுவில்லை என்றுதான் எழுதுவார்கள், எண்ணெய் என்று எழுத மாட்டார்கள். இன்னும் ஒரு வருஷம். புளியங்கொட்டை, ஒற்றைக் காலில் பல் துலக்கல், எல்லாம் முதலிலிருந்து. வதனி ஆறு பூரி தின்றுவிட்டுத் தாங்கிக்கொள்வாள். நான் எத்தனை பூரி தின்றாலும் தாங்க மாட்டேன்.

எல்லாம் இந்த லிஃப்டால் வந்தது. பழைய காலத்துக் கம்பிக்கதவு லிஃப்ட், ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பள்ளிக்கூடம் லீவு, புனிதாவுக்கு டியூட்டி, வேறு வழியில்லாமல் வதனியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மூன்றாம் மாடிக் கதவுப்பூட்டில் கோளாறு, பெட்டியை மாடிக்குச் சற்றுக் கீழேயே நிறுத்திவைத்து ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் நிற்கிற ஆறு வயசுப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக மூன்றாம் மாடித் தரை. எதிரே வகுப்பறைக் கதவு திறந்து கிடந்தது. அவளுக்கு முகம் தெரியவில்லை, பாவாடை தெரியவில்லை, கால்கள் மட்டும் தெரிந்தன. இருபது கால் ஒரே சமயத்தில் குதிகாலைத் தூக்கி, ஒரே சமயத்தில் இறக்கியது. வேலை முடிந்து போகலாம் வா என்றேன், கம்பியை விடவில்லை. "அப்பா, இன்னும் கொஞ்ச நேரம் ரிப்பேர் பண்ணு" என்றாள். நல்ல பூட்டை இன்னும் இருபது நிமிடம் ரிப்பேர் பண்ணினேன். மேடம் வந்து பார்த்தார், "ஏன் நீ மொறச்சிப் பாக்கற, உள்ள வா" என்று பிள்ளையைத் தூக்கி எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. சிலர் பெண்ணை டாக்டராக்க வேண்டும் என்று பிறக்கும் முன்பே முடிவு பண்ணுகிறார்கள், நான் ஒரு கதவுப்பூட்டைச் சரிபார்க்கப் போனேன்.

பதினொரு நிமிடம். புனிதாவுக்குப் போன் போட்டேன். கடையில் கூட்டம் போல, யாரோ இருமலுக்கு மருந்து கேட்கிற சத்தம். "ஏங்க, முடிஞ்சிடிச்சா?" என்றாள். இல்லை, எண்ணெய், வெறுங்கால் என்று நான் தலையும் வாலும் இல்லாமல் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டாள். அப்புறம் சிரித்தாள். சிரித்தாள்! பெற்ற பிள்ளை மேலே வழுக்கிக்கொண்டிருக்கிறது. "நீங்க பேசாம உக்காருங்க. ஒண்ணும் ஆகாது. கஸ்டமர் நிக்கறாங்க" என்று வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. கோபம் கொஞ்ச நேரம் நன்றாகவே இருந்தது, பயத்துக்கு அது பரவாயில்லை, ஆனால் புனிதாமேல் என்னால் இரண்டு நிமிடத்துக்கு மேல் கோபமாக இருக்க முடிந்ததில்லை, அதற்குள் பயம் திரும்பி வந்துவிட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம். தலைக்கு நேர்மேலே, தொம் என்று. தாரா அம்மாவின் விரல் லேப்டாப்பில் அப்படியே நின்றது. மேலே ஓடிக்கொண்டிருந்த பியானோப் பாட்டும் நின்றது. எனக்குத் தெரியும், அது விழுந்த சத்தம், பன்னிரண்டு வயசுப் பெண்ணின் எடைக்குச் சரியான சத்தம், எடை விழுகிற சத்தத்தில் எனக்கு அனுபவம் உண்டு. எழுந்தேன். படியில் கால் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. போய் என்ன சொல்வேன்? மேடம், தப்பு என்னுடையது, கணுக்காலைப் பார்க்காதீர்கள், என் கையைப் பாருங்கள் என்று சொல்வேன். ஏழு, எட்டு. கதவைத் திறந்தால் மேடம் திரும்பிப் பார்ப்பார், டாக்டர் பார்ப்பார், வதனி பார்ப்பாள். பெற்றவன் பதறிக்கொண்டு வந்து எண்ணெய் எண்ணெய் என்று கத்தினான் என்பது இந்தக் கட்டடம் இடிகிறவரை நிற்கும். ஒன்பதாவது படியில் நின்றேன். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. பாட்டு மறுபடியும் ஆரம்பித்தது. பாட்டு ஆரம்பித்தால் எழுந்துவிட்டாள் என்று அர்த்தமா, அல்லது தாராவின் முறை வந்துவிட்டது என்று அர்த்தமா? படியிலேயே உட்கார்ந்தேன். என் மச்சான் ஒருதரம் கேட்டார், "இதுல என்ன மாப்ள எதிர்காலம்?" தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. மெட்ராஸில் பாலே ஆடி யார் எங்கே போவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் வதனி காலைத் தூக்கும்போது என் நெஞ்சுக்குள் ஏதோ லேசாகிறது என்பதுதான், சந்தோஷமாக இருக்கிறது, இதைவிட நல்ல காரணம் எனக்கு அகப்படவில்லை. அப்படியானால் இது அவள் ஆசையா, என் ஆசையா? போன வருஷம் முடியாது என்றபோது பூரி தின்றது யார், அழுதது யார்? இந்தக் கேள்வியை ஒன்பதாவது படியில் உட்கார்ந்துகொண்டு கேட்கக் கூடாது, வேறு எங்கே உட்கார்ந்து கேட்பது என்றும் தெரியவில்லை.

கதவு திறந்தது. முதலில் தாரா வந்தாள், சிரித்துக்கொண்டே என்னைத் தாண்டி ஓடி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "நோட்டீஸ் போர்டு கீழ விழுந்திடிச்சும்மா, டாக்டர் பயந்தே போய்ட்டாங்க" என்பது காதில் விழுந்தது. போர்டு. பன்னிரண்டு வயசுப் பெண்ணின் எடையில் ஒரு போர்டு. என் அனுபவத்தில் தீயை வைக்க. அப்புறம் வதனி. ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, மெதுவாக, முகத்தில் ஒன்றுமே இல்லாமல், அது அவள் அம்மாவின் முகம், சீட்டாட்டத்துக்கு ஏற்ற முகம். என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். "பசிக்குதுப்பா." சரி, என்ன சொன்னாங்க என்றேன். "சனிக்கிழம பெங்களூர்லேர்ந்து ஒருத்தங்க வர்றாங்களாம். பாயிண்ட் ஷூவுக்கு அளவெடுக்க. உன்னையும் கூட வரச் சொன்னாங்க." அளவெடுக்க எதற்கு என்று கேட்டேன், அவ்வளவு மந்தமாக இருந்தது மூளை. பிறகுதான் புரிந்தது. வதனி அதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள், முன்பல் இரண்டும் தெரிய, நான் அவள் தலையைப் பிடித்து என் தோளோடு அழுத்திக்கொண்டேன், நான் காலையில் பார்த்துப் பார்த்துக் கட்டிய கொண்டை கலைந்து ஊசியெல்லாம் குத்தியது, குத்தட்டும். "அப்பா, மூச்சு முட்டுது." முட்டட்டும்.

கொஞ்சம் ஆறிய பிறகு உண்மையைச் சொல்லிவிட்டேன். மனசில் வைத்துக்கொண்டால் இரண்டு நாள் தூக்கம் வராது. "கண்ணு, அப்பா இன்னிக்குப் பெரிய தப்பு பண்ணிட்டேன். வெறுங்கால்னு தெரியாம எண்ணெய் தேச்சிட்டேன். நீ வழுக்காம நின்னது பெரிய விஷயம்." வதனி என்னைப் பார்த்தாள். கீழே தாராவைப் பார்த்தாள். தாரா வேறு எங்கோ பார்த்தாள். "நான் கழுவிட்டேனேப்பா," என்றாள். எப்போது? "மேல போனதும். பாத்ரூம்ல. சோப்புப் போட்டு." நல்லவேளை, உனக்காவது தோன்றியதே என்றேன். அவள் ஷூ நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "இன்னிக்கு மட்டும் இல்ல. தினமும்தான். ஷூ உள்ள வழுக்கும்னு மேடம் மொத வாரமே சொல்லிட்டாங்க."

முதல் வாரம். ஆறு வருஷம். வாரத்துக்கு ஐந்து நாள், நான் பாயை விரித்து, எண்ணெயைச் சுட வைத்து, கட்டைவிரலால் உள்ளங்காலில் வட்டம் போட்டு, தாங்க் யூப்பா என்று எழுந்து போனவள் இங்கே வந்து சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறாள். வெள்ளைக் காலுறையில் ஒருநாள்கூட எண்ணெய்க் கறை இல்லையே என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன், பார் எப்படித் தோல் குடிக்கிறது என்று புனிதாவிடம் காட்டியிருக்கிறேன், அவளும் ஆமாங்க என்று தலையாட்டியிருக்கிறாள். "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றேன். "அம்மாதான் சோப்பு டப்பா வாங்கிக் குடுத்தாங்க." எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. "ஏண்டி, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நான் பாட்டுக்குத் தேச்சிக்கிட்டே இருக்கேன்."

"சொன்னா நீ தேய்க்க மாட்ட."

"தேய்க்காட்டி என்ன?"

"தேய்க்காட்டி நீ வேலைலேர்ந்து வந்து போனப் பாத்துட்டு உக்காந்துடுவ. தேய்க்கும்போதுதான், இன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு என்னக் கேப்ப."

கீழே தாரா அம்மா லேப்டாப்பை மூடி எங்களுக்குக் கையசைத்துவிட்டுப் போனார். வதனி வெறுங்காலை முன்னால் நீட்டி, விரல்களை விரித்து மடக்கினாள். நல்ல பாதம்தான், அகலமாக, என் பாதம் மாதிரி. நாளைக்கு எத்தனை மணிக்கு வகுப்பு என்று கேட்டேன்.

"நாலரைக்கு," என்றாள். "மூணரைக்கே வந்துடு."